ஈரக்கை

"கையைக் கொஞ்சம் நனைச்சுட்டு வாயேன்" என்றான் புருஷன், கழுத்தைப் பிடித்துவிடலாம் என்று அவள் கை நீட்டியபோது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடையது பிறவியிலேயே வறண்ட கை. போதாக்குறைக்குத் தையல் வேலை வேறு. இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் துணியும் சாக்கட்டியும் நாள் முழுக்க உறிஞ்சிவிடும். குத்துகிறதா என்று கேட்டாள். அவன் கழுத்தை நகர்த்திக்கொண்டான். சரி என்று குழாயில் நனைத்துக்கொண்டு வந்து தொட்டாள். அப்புறம்தான் அவன் தோள் தளர்ந்தது, கண் மூடியது. கழுத்து சில்லென்று இருந்தது. விரல் ஓடிய இடமெல்லாம் வழவழவென்று வழுக்கியது, சோப்புப் போகக் கழுவாத பாத்திரம் மாதிரி.

மறுநாளும் அதையே சொன்னான். அதற்கடுத்த நாள் சொல்லக்கூட இல்லை. அவள் கிட்டே வந்ததுமே தோளைச் சுருக்கிக்கொண்டான். கட்டிக்கொண்ட பெண்டாட்டியின் கை பட்டால் ஒருத்தன் சுருங்குகிறான் என்றால் என்ன அர்த்தம்? அதை யாரும் வந்து விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாகக் கிடப்பான். சனிக்கிழமை ஆனால் மலைக்கு ஓடிவிடுவான், ட்ரவுட் மீன் பிடிக்க. புழுவைக் கோத்துப் போடுகிற சோம்பேறித் தூண்டில் இல்லை அது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி, ஆற்றில் பறக்கிற பூச்சி போலவே ஒரு பொய்ப்பூச்சி கட்ட வேண்டும். அதைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூண்டில் நரம்பின் நுனியில் முடிந்து, தண்ணீர்மேல் பூ விழுகிற மாதிரி போட வேண்டும். மீன் ஏமாந்து கடித்தால் பிடித்து, ஒரு கணம் பார்த்துவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவான். இதற்கு எதற்கு அத்தனை தூரம் போகிறீர்கள் என்று அவள் கேலி செய்யாத வாரம் இல்லை.

ஆனாலும் அந்தப் பொய்ப்பூச்சிதான் அவர்களைச் சாயங்காலங்களில் ஒரே மேஜையில் உட்கார வைத்தது. இந்தப் பக்கம் அவள் மெஷின். அந்தப் பக்கம் அவனுடைய சின்ன இடுக்கி, இறகுப் பொட்டலம். நூல் மட்டும் அவள் டப்பாவிலிருந்துதான் எடுப்பான். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரண்டு கையும் துணியில் இருப்பதால் குண்டூசிகளை உதட்டோரத்தில் செருகிக்கொள்வாள். ஊசி, நூல், பட்டன், கையில் எது வந்தாலும் அடுத்த நிமிஷம் வாயில்தான் இருக்கும். ஊசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள், அவனைத் திட்டுவாள், பாட்டுகூடப் பாடுவாள். "ஏய் ஊசி, ஒருநாள் அதை முழுங்கித் தொலைக்கப் போற" என்பான் அவன். அவளை அவன் கூப்பிடுகிற பேரே ஊசி என்று ஆகிவிட்டது.

இப்போது அவன் நூல் கேட்பதில்லை. இடுக்கியை உறைக்குள்ளிருந்து எடுப்பதே இல்லை. மேஜையில் வந்து உட்கார்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஊசி என்று கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

அப்புறம் அந்த உதட்டுக் காயம். கீழுதட்டின் வலது ஓரத்தில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து வரும்போது பச்சையாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் ஆறிவிடும். அடுத்த ஞாயிறு திரும்பப் பச்சை. கேட்டதற்கு, மீன் முள் குத்திவிட்டது என்றான். பிடித்த மீனையெல்லாம் ஆற்றில் விட்டுவிட்டு வருகிறவனுக்கு முள் எங்கிருந்து வந்தது? காதில் பூ வைப்பதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

தாங்கமாட்டாமல் அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பல்லு பட்ட காயம்டி அது" என்றாள் கடைசியில். "ஆத்துக்குத்தான் போறான்னு நீ பார்த்தியா?"

அன்றைக்கிலிருந்து அவள் மனசுக்குள் ஒருத்தி குடிவந்துவிட்டாள். முகம் கிடையாது. கை மட்டும் உண்டு. மெத்தென்று, ஈரம் காயாமல், அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி ஒரு கை. பாத்திரம் தேய்க்கும்போதும் பட்டனுக்குக் காஜா எடுக்கும்போதும் அந்தக் கை அவள் புருஷன் கழுத்தில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. தன் வறண்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எண்ணெய் தடவினாள். கிளிசரின் தடவினாள். ஒன்றும் ஒட்டவில்லை.

சனிக்கிழமை காலை அவனுக்கு முன்னால் போய் வண்டியில் உட்கார்ந்தாள். வராதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருக்கலாம். அவன் அவளைப் பார்த்தான், பையைப் பார்த்தான், வண்டியை எடுத்தான். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தான். மலை ஏற ஏற அவளுக்குப் பல் கிட்டியது. அவன் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டே ஓட்டினான்.

ஆற்றை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு விடுதி, இரண்டே அறை. முன்னறையில் ஆற்றுக் காவலர் இருந்தார். யார் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள், யார் திருட்டுத்தனமாக மீன் பிடிக்கிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. எல்லாரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்களாம். முகத்தில் மருந்துக்கும் மீசை கிடையாது. மழித்துப் பல வருஷம் ஆகிறது, பேர்தான் போக மாட்டேன் என்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். இங்கே வேறு யார் வருவார்கள் என்று அவள் நைசாக விசாரித்தாள். இந்தக் குளிரில் எவன் வருவான், சார் ஒருத்தர்தான் பைத்தியம் மாதிரி வருகிறார் என்றார். பொம்பளைங்க? அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நீங்கதாம்மா முதல் பொம்பளை என்றார்.

புருஷன் அறைக்குள் போய், பாத்ரூம் தரையில் தண்ணீர் விட்டு அதன்மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்காமல் அவள் ஆற்றுக்கு இறங்கினாள். மீசை கரையில் குனிந்திருந்தார். அவர் தூண்டிலில் ஒரு ட்ரவுட் மாட்டியிருந்தது. பக்கவாட்டில் சிவப்புப் புள்ளி தெளித்த, முழங்கை நீள மீன். அழகாக இருக்கிறதே என்று தொடப் போனாள்.

"தொடாதீங்கம்மா. உங்க கை காஞ்சிருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. இவருமா?

"விடப்போற மீனை ஈரக்கையாலதான் தொடணும்" என்றார் அவர். "மேல வழவழன்னு இருக்கு பாருங்க, அதுதான் அதுக்குச் சட்டை. காஞ்ச கை பட்டா அந்தச் சட்டை கையோட உரிஞ்சு வந்துரும். விட்டா என்னமோ நல்லாத்தான் நீந்திப் போகும். அப்புறம் நாம பிடிச்ச இடத்துல, அஞ்சு விரலும் அச்சா வெள்ளையாப் பூஞ்சை பூக்கும். அதோட சரி."

"சமைக்கிறதுக்குப் பிடிச்சா?"

"அதுக்கென்ன, துண்டெடுத்துக் கையை நல்லாத் துடைச்சுட்டுப் பிடிக்கறது. அப்பத்தான் வழுக்காது."

அவர் மீனின் வயிற்றுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, அதன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டார், குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. களைத்துப் போயிருக்கிறது, மூச்சு வந்ததும் தானே போய்விடும் என்றார். கொக்கி நுனியில் மாட்டிக்கொள்கிற எதிர்முள் கிடையாதாம், ஒரு திருப்புத் திருப்பினால் கழன்று வந்துவிடுமாம். கழற்றினார். அதன் உதட்டோரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை. அதன் பக்கத்தில் ஆறிப்போன பழைய தழும்புகள்.

"பழைய ஆளு" என்றார் மீசை. "எத்தனை தடவை விட்டாலும் திரும்ப வந்து கடிப்பான். வலி மறந்துருமோ, இல்ல பிடிச்சுப்போச்சோ."

அவளுக்குப் புருஷனின் உதடு ஞாபகம் வந்தது. சட்டென்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள். ஒருத்தி இருக்கிறாள் என்று நம்புவது சுலபமாக இருந்தது. ஒருத்தி என்றால் குடுமியைப் பிடித்துச் சண்டை போடலாம்.

அவள் எழுந்து போகும்போது மீசை யோசித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். சார் எப்போதும் மேல் மடுவுக்குத்தான் போவாராம், அந்த ஆழமான இடத்துக்கு. அவர் நனைந்து வருவாராம். அவருடைய தூண்டில் மட்டும் நனைந்து இவர் பார்த்ததில்லையாம்.

பொழுது சாய்கிற நேரத்தில் புருஷன் எழுந்தான். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டான். மீனுக்கு எதற்குத் தலை வார வேண்டும்? சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டான். "நீ ரூம்லயே இரு, வெளியே குளிரும்" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனான். நடையில் ஒரு அவசரம் இருந்தது. அந்த அவசரத்தை அவள் அறிவாள். கல்யாணமான புதிதில் வேலை முடிந்து வீட்டுப் படியேறுவானே, அந்த அவசரம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூரைத் தகரம் குளிரில் சுருங்கி, டக், டக் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மீசையின் ஸ்டவ்வின் சீறல் கேட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் ஆற்றின் சத்தம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது; ஜன்னலை மூடினாலும் அது குறையவில்லை, தரை வழியாகக் காலுக்குள் ஏறியது. பாசியும் ஈரக் கல்லும் கலந்த வாசனை அறைக்குள் வந்தது. அந்த வாசனை அவளுக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் அவள் தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில் அடிக்கிற வாசனைதான் அது. வெளியே பனி இறங்குவதைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஒற்றையடிப் பாதை மரங்களுக்கு நடுவே மேலே ஏறியது. கால் வைத்த இடமெல்லாம் சருகு சத்தமில்லாமல் அமுங்கியது. வழியில் ஒரு மரத்தில் தூண்டில் சாய்ந்து நின்றது. உலர்ந்த தூண்டில். அதன் நரம்புச் சுருளில் சிலந்தி வலை பின்னியிருந்தது. அதன் அடியில் அவன் சட்டை, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் ஒருநாளாவது இவன் சட்டையை மடித்ததுண்டா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

பாறையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

மடு கறுப்பாக, அசையாமல் கிடந்தது. நெஞ்சளவுத் தண்ணீரில் அவன் தனியாக நின்றுகொண்டிருந்தான். வேறு யாருமில்லை. இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. அப்பாடா என்று அவள் உட்கார்ந்தேவிட்டாள். ஒருத்தியும் இல்லை. மனுஷனுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும்.

அப்போது அவன் தலை வெடுக்கென்று இடதுபக்கம் திரும்பியது.

அவனாகத் திருப்பவில்லை. உதடு முன்னால் போனது, தலை அதன் பின்னால் போனது. உதட்டோரத்திலிருந்து ஏதோ ஒன்று, சிலந்தி நூலைவிட மெல்லியதாக, மினுக்கென்று வெளிச்சம் பட்டு மறைந்தது. அது நேராகத் தண்ணீருக்குள் போனது. ஆழத்துக்கு.

அவன் ஓடினான். தண்ணீரில் அந்தப் பக்கம், இந்தப் பக்கம். நரம்பு விட்டுக்கொடுத்தது. பிறகு இறுகியது. விட்டுக்கொடுத்தது. இறுகியது. அவசரமே இல்லை அதற்கு. அவன் ஓட்டம் குறைந்தது. சுழன்றான். தள்ளாடினான். பக்கவாட்டில் சாய்ந்தான். வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

பிறகு கைகள் வந்தன.

இரண்டு கைகள். வெளுத்து, ஈரமாக, தண்ணீரை ஒரு துளி சிதறாமல் பிளந்துகொண்டு மேலே வந்தன. நீளமான விரல்கள். நீளமான மணிக்கட்டு. முழங்கை வரவேண்டிய இடம் தாண்டியும் முழங்கை வரவில்லை. அவை அவன் நெஞ்சுக்கு அடியில் ஒன்றும் வயிற்றுக்கு அடியில் ஒன்றுமாகப் போய், அவன் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, பிடித்துக்கொண்டன.

சும்மா பிடித்துக்கொண்டிருந்தன. இறுக்கவில்லை, அசைக்கவில்லை. அவனுக்கு மூச்சு வரட்டும் என்று காத்திருந்தன.

அவள் அலறியிருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவள் பார்த்தது அவன் முகத்தைத்தான். கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, உலகத்தில் ஒரு குறையும் இல்லாத முகம். அந்த முகம் ஒருகாலத்தில் அவள் மடியில் கிடந்தது. அது இனி எங்கேயும் இல்லை என்று நினைத்து அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். இருக்கிறது. இதோ இருக்கிறது. இன்னொருத்தர் கையில். பயம் வரவேண்டிய இடத்திலெல்லாம் பொறாமை வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் நான் ஒருநாள் இப்படிப் பிடித்திருக்கிறேனா என்று தோன்றியது. பிடித்திருந்தால் வந்திருக்க மாட்டானா என்று தோன்றியது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

ஒரு கை மெதுவாக அவன் உதட்டை நோக்கிப் போனது. கழற்றி விடப் போகிறது. அடுத்த வாரம் திரும்ப வருவான் என்று அதற்குத் தெரியும்.

"எடுடி கையை" என்றாள்.

தலையிலிருந்த துண்டை இழுத்தாள். இரண்டு கையையும் அதில் துடைத்தாள். பனி ஈரம் துளிகூட இல்லாமல், வேண்டுமென்றே, அழுத்தித் துடைத்தாள். துண்டைப் பாறைமேல் வீசிவிட்டு, கை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அந்தக் கைகள் நின்றன. பிறகு வந்த வழியே, சத்தமில்லாமல், கீழே போய்விட்டன. நரம்பு தளர்ந்தது.

கரையோரம் அவன் உடம்பு ஒதுங்கி வந்தது. அவன் உதட்டோரத்தில் ஒரு சின்னப் பொய்ப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒரு திருப்புத் திருப்பினாள், கழன்று வந்தது. அவனைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவள் யோசிக்கக்கூட இல்லை. வாழ்நாள் முழுக்கச் செய்ததைச் செய்தாள். கையில் இருந்ததை உதட்டோரத்தில் செருகிக்கொண்டாள்.

தோளுக்கு அடியில் கை கொடுத்து இழுத்தாள். அவன் உடம்பு விறைத்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவள் விரலுக்கு அடியில் ஏதோ உரிந்து, மெல்லிய கண்ணாடித்தாள் மாதிரி கையோடு வந்தது. அவள் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

எப்படி அறை வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தாழிட்டாள். அவனைக் கட்டிலில் போட்டாள். கம்பளியை எடுத்துத் துடைத்தாள். கழுத்து, கை, கால் இடுக்கு. ஒரு சொட்டு ஈரம் விடாமல் துடைத்தாள். அவன் வாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது.

"நனை..." என்றான். "ஊசி... நனை..."

ஊசி என்றான்! எவ்வளவு நாள் கழித்து! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"இனிமே எங்கயும் போக வேண்டாம்" என்றாள், எப்போதும்போல உதட்டோரம் கடித்துக்கொண்டே. "எங்கிட்டயே இருங்க."

அவன் தோளில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிட்டாள். போகவில்லை. குனிந்து பார்த்தாள். ஐந்து விரல். அவளுடைய ஐந்து விரல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூத்துக்கொண்டிருந்தது.

அவன் வாய் திறந்தது. மூடவில்லை.

அவள் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, வேலை முடிந்ததும் ஊசியை எடுத்துத் திரும்பக் குத்தி வைப்பது வழக்கமாயிற்றே, கை தானாக உதட்டுக்குப் போனது.

வரவில்லை.

உள்ளே இறங்கியிருந்தது. வலிக்கவில்லை. ஒரு சின்னக் குறுகுறுப்பு, அவ்வளவுதான். விரலால் தடவினாள். உதட்டிலிருந்து ஏதோ ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல், கதவின் அடியிடுக்கு வழியாக வெளியே போயிற்று.

அது இறுகியது.

கதவைத் திறந்தது அவள் கைதான். நடந்ததும் அவள் கால்தான். முன்னறை ஜன்னலில் வெளிச்சம். மீசை அடுப்புப் பக்கம் திரும்பி எதையோ கிளறிக்கொண்டிருந்தார். அண்ணா என்று கூப்பிடப் பார்த்தாள். வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டது. நின்றாள். நரம்பு விட்டுக்கொடுத்தது. ஓடிவிடலாம் என்று திரும்பினாள். இறுகியது.

சருகு. மரம். மடித்து வைத்த சட்டை.

பயந்தாள்தான். ஆனால் பயத்துக்கு அடியில், சொல்லவே வெட்கமாக, இன்னொன்றும் இருந்தது. விட்டுவிடும். விட்டுவிடத்தானே செய்யும். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும், நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, வயிற்றுக்கு அடியில் ஒரு கை. அவனுக்குக் கிடைத்தது எனக்கும் ஒருதடவை கிடைக்கட்டுமே. கடைசிச் சில அடிகளை அவளே வேகமாக நடந்தாள்.

பாறைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

மடு கறுப்பாக, அசையாமல் கிடந்தது. அந்தக் கைகள் அவளுக்கு முன்னாலேயே மேலே வந்திருந்தன. பாறைமேல் அவள் வீசிவிட்டுப் போன துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, இடுக்கு விடாமல், நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தன.